"கடன் இருக்கா?" என்று கேட்காதீர்கள்: நெல்லைப் பக்கம் கள ஆய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு டிசம்பரிலும் என் மேசைக்கு இருபது, இருபத்தைந்து கேள்வித்தாள்கள் வந்து சேரும். முதுகலை வணிகவியல் பிள்ளைகள் புராஜெக்டுக்காகத் தயாரித்தவை. பீடித் தொழிலாளர்களின் கடன், ஜவுளிக்கடை ஊழியர்களின் பணித் திருப்தி, மகளிர் குழுக்களின் சேமிப்பு என்று தலைப்பு எதுவானாலும், ஏழாவதோ எட்டாவதோ கேள்வி மட்டும் மாறுவதில்லை: "உங்களுக்குக் கடன் உள்ளதா? ஆம் / இல்லை." அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சொல்லி வந்தேன். இந்த வருஷம் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அந்தக் கேள்வியை நானும் கேட்டவள்தான். என் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊர். படிக்கும் காலத்தில் ஊரிலேயே அறுபது வீட்டுக்குப் படிவத்தோடு போனேன். நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் "கடன் ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அறுபதில் ஒன்று எங்கள் வீடு. அம்மாவும் சுளகை விட்டுக் கண்ணை எடுக்காமல் "இல்ல" என்றாள். அன்றைக்கு அவள் கழுத்துச் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்தது. பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டில் எங்களுக்கு இரண்டு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. என் தேர்வுக் கட்டணமே பக்கத்து வீட்டு மதினியிடம் வாங்கிய கைமாத்து.

ராத்திரி கேட்டேன், "ஏம்மா இல்லன்னு சொன்ன?"

"அடகு எப்படிட்டி கடனாவும்? எம் பொருள வச்சிருக்கேன், துட்டு வந்தா திருப்புதேன். கைமாத்து மதினி செஞ்ச உதவி. அண்ணாச்சி கடைப் பற்று மாசாமாசம் தீருது. கடன்னா, வட்டிக்காரன்ட்ட வாங்கிட்டு அவன் வாசல்ல வந்து நிக்கான் பாரு, அது."

அவள் பொய் சொல்லவில்லை. நான் ஒரே சொல்லில் அடக்கியதை அவள் நாலு சொல்லாகப் பிரித்து வைத்திருந்தாள். நான் கேட்ட சொல்லுக்கு மட்டும் பதில் சொன்னாள். அந்த அறுபது படிவத்தையும் கட்டி வைத்துவிட்டு மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

முதலில் சொற்களைச் சேருங்கள்

படிவம் இல்லாமல் இரண்டு நாள் ஊருக்குப் போங்கள். ரேஷன் கடை வரிசை, பீடிக்கடைத் திண்ணை (இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்கிற கடை), பேருந்து நிறுத்தம். துட்டு எப்படிக் கைமாறுகிறது என்று அவர்கள் பேசும்போது எந்தச் சொல்லில் பேசுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் குறைந்தது இவ்வளவு கிடைக்கும்: கைமாத்து, பற்று, அடகு, தவணை, சீட்டு, குழு லோன், தண்டல், வட்டிக்கு வாங்கினது, முன்பணம். கல்யாண வீட்டில் எழுதிய மொய்யும் திரும்பச் செய்ய வேண்டியதுதான். சில வீடுகளில் மொய் நோட்டுதான் ஆகப் பெரிய கடன் பேரேடு. ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கேள்வி. "அடகுல ஏதும் இருக்கா?" என்று கேட்டால் "ரெண்டு மோதிரம் கெடக்கு" என்று தயங்காமல் சொல்வார்கள். அதே ஆள்தான் கடன் இல்லை என்று சொன்னவர்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. ஹோஃப்ஸ்டெடெ என்ற டச்சு அறிஞர் ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து, வேலை பற்றிய மதிப்பீடுகள் நாட்டுக்கு நாடு எப்படி வேறுபடுகின்றன என்பதை நாலு அளவுகோலில் வகுத்தார். மேலாண்மைப் பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் அது இருக்கும். ஹாங்காங்கில் பாடம் நடத்திய மைக்கேல் பாண்ட் வேறு வழியில் போனார். உங்கள் மக்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று சீன அறிஞர்களையே கேட்டு, அவர்கள் தந்த 40 விழுமியங்களை வைத்துக் கேள்வித்தாள் செய்து 22 நாடுகளில் மாணவர்களிடம் கொடுத்தார். 1987இல் முடிவு வெளியானபோது, சிக்கனம், விடாமுயற்சி, வெட்க உணர்வு இவையெல்லாம் சேர்ந்த ஓர் அளவுகோல் புதிதாகத் தெரிந்தது. முந்தைய நாலில் அது இல்லை. யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை, அதனால் தெரியவில்லை. பின்னால் ஹோஃப்ஸ்டெடெயே அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டார். இணையத்தில் கிடைத்த ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

உட்கார்ந்து கேளுங்கள், கையைப் பாருங்கள்

ஆண் பிள்ளைகள் பைக்கில் போய் இறங்காதீர்கள். தோளில் கறுப்புப் பை, கையில் டேப்லெட், மடிப்புக் கலையாத சட்டை என்று போய் நின்றால் குழு லோன் வசூலுக்கு வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். தெரு முழுக்கக் கதவு சாத்திக்கொள்ளும். பேருந்தில் போய் நடந்து போங்கள். எந்தக் கல்லூரி, எந்த ஊர்ப் பிள்ளை, யார் வீட்டுக்கு உறவு என்று கேட்பார்கள், முழுசாகச் சொல்லுங்கள். ஆச்சி, பெரியம்மை, மதினி என்று வயசுக்கு ஏற்ற முறை வைத்துக் கூப்பிடுங்கள். பதில் சொல்ல இஷ்டமில்லாத கேள்விக்குச் சொல்ல வேண்டாம் என்பதைத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். லோன், சலுகை எதுவும் வாங்கித் தர வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வாங்கிய பதில் ஏமாற்றி வாங்கிய பதில்.

குழுவுக்குப் பணம் கட்டும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்குப் போகாதீர்கள். பீடிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற நேரத்திலும் வேண்டாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் திண்ணைக்கு வருகிற நேரம்தான் நல்லது.

பீடி சுற்றுகிறவர் உங்களுக்காக வேலையை நிறுத்த மாட்டார். நிறுத்தவும் கூடாது, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்கி, 25 எண்ணினால் ஒரு கட்டு. ஆயிரத்துக்கு 40 கட்டு. பேசிக்கொண்டே விரல் ஓடும். நீங்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், அந்தக் கையைப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கும்போது கை நிற்காது. ஏதோ ஒரு கேள்வியில் நூல் பாதி சுற்றோடு அப்படியே நிற்கும். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடுங்கள். "இந்த எலை நல்லாருக்கா பெரியம்மை?" என்று வேறு பேச்சுக்குப் போங்கள். கை மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, அடுத்த கேள்வி. நின்ற இடத்தைப் படிவத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது படிவத்தில் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால், உங்கள் ஆய்வு அங்கேதான் இருக்கிறது. நான் செய்த ஆய்வில் அந்தப் புள்ளி மகள் கல்யாணச் செலவில் விழும் என்று நினைத்திருந்தேன். விழுந்தது, மருத்துவமனைச் செலவு பற்றிய கேள்வியில்.

இலையைப் பற்றிக் கேட்பது பேச்சை மாற்ற மட்டும் இல்லை. கம்பெனி கொடுக்கிற இலை ஓட்டையும் கிழிசலுமாக வந்தால் ஆயிரத்துக்குப் பத்தாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்குவார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டால் இந்தக் கழிவு வெளியே வராது. வங்கதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜோப்ரா என்ற ஊரில் 1976இல் பேராசிரியர் முகமது யூனுஸ் கண்டதும் இதே மாதிரிதான். மூங்கில் முக்காலி பின்னுகிற பெண் மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன் வாங்கி, அவர் சொன்ன விலைக்கு அவரிடமே முக்காலியைக் கொடுத்தாள். வாங்கிய கடன் சின்னத் தொகைதான், ஆனால் கட்டுண்டு கிடந்தாள். அந்த ஊரில் அப்படி 42 பேர். எல்லாருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 27 டாலர். பெயர் பெயராகப் போய் விசாரித்ததால்தான் அந்தக் கணக்குக் கிடைத்தது. கிராமீன் வங்கி அங்கிருந்து பிறந்தது.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து

"மாத வருமானம் எவ்வளவு?" என்பது அடிக்க வேண்டிய அடுத்த கேள்வி. வாரக்கூலி வாங்குகிறவருக்கு மாதம் என்ற கணக்கே கிடையாது. நீங்கள் கேட்டதற்காக ஒரு எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். இப்படிக் கேளுங்கள்: "போன வெள்ளிக்கிழமையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் கைக்கு வந்த துட்டு என்னென்ன, கையை விட்டுப் போனது என்னென்ன?" முதல் நாள் கையிருப்பு, வந்தது, போனது, இப்போது மீதி. நாலும் ஒத்துப் போக வேண்டும். போகாது. போனது அதிகமாக இருக்கும். அப்போது "கணக்கு இடிக்குதே" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் திருடனைப் பிடித்தமாதிரி ஆகிவிடும். "இடையில எங்கயாச்சும் கைமாத்து வாங்குனீங்களோ?" என்று நினைவுபடுத்துங்கள். "ஆமா, புதங்கெழமை மருமக முந்நூறு குடுத்தா" என்பார்கள்.

ஒரே தடவையில் முடியாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று நாலு தடவையாவது போங்கள். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாட்டிலும் ஏழைக் குடும்பங்களின் பண நாட்குறிப்பை ஆண்டு முழுக்க எழுதிய ஆய்வாளர்கள் இப்படித்தான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போனார்கள். அறுபது வீட்டுக்கு ஒரு தடவை போவதைவிட, பன்னிரண்டு வீட்டுக்கு ஐந்து தடவை போய் வா என்று நான் வழிகாட்டும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். மாதிரி அளவு போதாது என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்பார். ஏன் என்று விளக்குங்கள், பயப்படாதீர்கள்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். அம்பாசமுத்திரம் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம். நடவு நேரத்தில் நகை வங்கிக்குப் போகும், அறுப்பு முடிந்தால் வீட்டுக்கு வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஊரே கைமாத்துக்கு அலையும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிற செலவு தனி. மார்ச்சில் மட்டும் போய்விட்டு வந்து "கடன் சுமை குறைந்துள்ளது" என்று எழுதுவது பெரிய தப்பு.

வட்டியை நீங்கள் கணக்குப் போடுங்கள்

வட்டி எவ்வளவு என்று கேட்டால் ஊர் வழக்கில் பதில் வரும். "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். "பத்து வட்டி" என்றால் 120. அதை 10 சதவீதம் என்று படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வங்கி வட்டியைவிடக் குறைவு என்று முடிவுரையும் எழுதியிருந்தார்கள்.

தண்டல் இன்னும் நுணுக்கம். பத்தாயிரம் என்று பேச்சு. 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாங்கினவரைக் கேட்டால் "ஆயிரத்தைந்நூறு வட்டி" என்பார். நீங்கள் நூற்றுக்குப் பதினைந்து என்று எழுதிவிடாதீர்கள். முதலாவது, அவர் கைக்கு வந்தது 8,500தான், பத்தாயிரம் இல்லை. இரண்டாவது, அந்த 8,500மும் 100 நாள் அவரிடம் இருக்கவில்லை. மறுநாளே 100 திரும்பப் போனது. ஐம்பதாவது நாளில் பாதியைக் கட்டி முடித்திருப்பார். சராசரியாக நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான் அவர் கையில் நின்றது. அதற்கு 100 நாளில் 1,500. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 120 சதவீதத்தைத் தாண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் அவருக்கே போட்டுக் காட்டாதீர்கள். அவருக்குத் தெரியாது என்று நினைக்கவும் வேண்டாம். காலையில் காய் எடுத்துச் சாயங்காலம் விற்றுத் துட்டைத் திருப்புகிறவருக்கு, வாசலுக்கே வந்து கையெழுத்து இல்லாமல் கொடுக்கிற பணம் அது ஒன்றுதான்.

சீட்டை எங்கே எழுதுவது என்று எல்லாரும் தடுமாறுவார்கள். சேமிப்பா, கடனா? இருபது பேர் ஏலச்சீட்டில் மூன்றாவது மாதமே தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு எடுத்தவர் கடன் வாங்கினவர். கடைசியில் எடுத்தவர் சேமித்தவர். ஒரே சீட்டு, ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே சீட்டுப் போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், எத்தனையாவது மாதம் எடுத்தீர்கள், எதற்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள். இதே பழக்கம் ஆசியா முழுக்க உண்டு: இந்தோனேசியாவில் அரிசான், கொரியாவில் கே, சீனர்களிடம் ஹூய். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற மானுடவியல் அறிஞர் 1962இலேயே இப்படிப்பட்ட சீட்டுகளை ஒப்பிட்டு எழுதினார். ஜப்பானில் முஜின் என்ற சீட்டு நிறுவனங்கள் வளர்ந்து, 1951 சட்டத்தின் கீழ் வங்கிகளாகவே மாறின. சீட்டைப் 'பழமையான வழக்கம்' என்று இரண்டு வரியில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடை ஊழியர்களிடம் போகிறவர்களுக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்குள் வைத்துக் கேட்காதீர்கள், சூப்பர்வைசர் நிற்கிற இடத்தில் எல்லாருக்கும் திருப்திதான். கடை அடைத்துப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது பேசுங்கள். 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம் போட்ட தாளை நீட்டினால் முதல் கட்டத்தையே வரிசையாக டிக் அடித்துத் தருவார்கள். படித்தவர் கேட்டால் சரி என்று சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். அதற்குப் பதிலாக இருபது புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள். கூலி, வீட்டுத் தூரம், முதலாளி பேசுகிற விதம், கால்வலி என்று நாலு வட்டம் வரைந்து, "வேலையை விட்டுரலாம்னு தோணுனா எதனால தோணும்? அதுக்குத் தக்கபடி வையிங்க" என்று சொல்லுங்கள். யோசித்து, எடுத்து, மாற்றி வைப்பார்கள். அந்த மாற்றி வைப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வசதி உண்டா என்று கேட்காமல், நேற்று நடந்ததைக் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. "இருக்கை உள்ளதா?" என்றால் ஆம். "நேத்து எத்தன மணிக்கு உக்காந்தீங்க?" என்றால், சாப்பாட்டு நேரத்தைத் தவிர உட்காரவே இல்லை என்பது தெரியவரும்.

அரசுப் புள்ளிவிவரத்தில் ஒரு பள்ளம்

மாவட்ட வாரியான வங்கிக் கணக்குகளை வைத்து வரைபடம் போடுகிறவர்கள் கவனியுங்கள். தூத்துக்குடி 1986இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. தென்காசி 2019 நவம்பரில். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் எல்லாம் இப்போது தென்காசி மாவட்டம். முக்கூடலும் மேலப்பாளையமும் திருநெல்வேலி. இதைச் சேர்த்துப் பார்க்காமல் 2018ஐயும் 2021ஐயும் ஒப்பிட்டால் கடன் சரிந்ததுபோலத் தெரியும். சரிந்தது மாவட்டத்தின் பரப்பு.

பழைய ஆய்வுகளையும் தேடிப் படியுங்கள். நம் கங்கைகொண்டானை எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கி மாணவர்களை வைத்து எடுத்த கிராம ஆய்வுகளில் அதுவும் ஒன்று. 1930களிலும் 1960களிலும் 1980களிலும் வேறு வேறு ஆட்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்டார்கள். ஒரே ஊரின் நிலமும் கூலியும் கடனும் மாறி வந்த கதை எழுபது ஆண்டுக்குக் கிடைக்கிறது. இப்போது அங்கே சிப்காட் இருக்கிறது. அடுத்துப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கக் கூடாதா என்று நான் பல வருஷமாக ஆசைப்படுகிறேன்.

ஒழுங்காகக் கேட்டால் அது பெரிய இடம் வரை போகும். ரிசர்வ் வங்கி 1951-52இல் நடத்திய ஊரகக் கடன் ஆய்வில், கிராமத்துக் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்து, 3 சதவீதம் மட்டுமே கூட்டுறவிலிருந்து என்று தெரிந்தது. அந்த ஆய்வுக் குழுவின் பரிந்துரையில்தான் 1955இல் பாரத ஸ்டேட் வங்கி உருவானது.

கஷ்டத்தில் இருப்பவரைச் சந்தித்தால்

2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள் உட்பட, தீயில் கருகியது. இந்த மண்ணில் கடனைப் பற்றிக் கேட்கப் போகிறவர் அதை மறந்துவிட்டுப் போகக் கூடாது. அநியாய வட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. இருந்தும் நடந்தது.

ஆகவே படிவத்தில் பெயரோ கதவு எண்ணோ எழுதாதீர்கள். எண் மட்டும் போடுங்கள்; எந்த எண் யார் என்ற பட்டியலைத் தனி நோட்டில் எழுதி வீட்டில் பூட்டி வையுங்கள். படிவத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. கடன் கொடுத்தவர் பெயரை அவராகச் சொன்னாலும் எழுத வேண்டாம். அதே ஊரில் கொடுக்கிறவர்களையும் பேட்டி எடுப்பதாக இருந்தால், அது வேறு ஒரு ஆள் செய்யட்டும். இரண்டு வீட்டிலும் உங்களைப் பார்த்தால், வாங்கினவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

யாராவது அழுதால் பேனாவை மூடி உள்ளே வையுங்கள். அன்றைக்குக் கேள்வி முடிந்தது. மிரட்டல் இருக்கிறது என்றால், நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருப்பதையும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் சொல்லுங்கள். கூட வரச் சொன்னால் கூடப் போங்கள். போனதை ஆய்வில் எழுத வேண்டாம்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. அட்டவணை எல்லாம் போட்டு முடித்தபின் ஒரு மத்தியானம் அதே திண்ணைக்குப் போய் உட்கார்ந்து, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். யார் சொன்னது என்று தெரியாதபடி, மொத்தக் கணக்கை மட்டும். "அது அப்படி இல்ல தாயி" என்று யாராவது சொல்வார்கள். நான் வாசித்தபோது கைமாத்தைக் கடன் என்ற தலைப்பின் கீழ் கூட்டியிருந்ததை எங்கள் தெரு ஆச்சி ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னைக்கு அவ குடுத்தா, நாளைக்கு நான் குடுப்பேன். அத வட்டிக்காரங்கூடச் சேத்து எழுதுதியே" என்றார். அட்டவணையை இரண்டாகப் பிரித்தேன். பைண்டிங்குக்குக் கொடுக்க ஒரு வாரமாவது இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், திருத்த நேரம் வேண்டும்.